லண்டன்ல இருந்து சிட்னி: சிங்கப்பூர் வழியா, துபாய் வழியா, இல்ல பெர்த் வழியா?

லண்டன் ஹீத்ரோல இருந்து சிட்னி எவ்ளோ தூரம்னு நெட்ல தட்டினா சுமார் 17,000 கிலோமீட்டர்னு வருது, பக்கத்துலயே பறக்குற நேரம் 19 மணி, 20 மணின்னு ஒரு நம்பரும் வருது. தூரம் சரிதான். ஆனா அந்த நேரத்தை நம்பி யாரும் பிளான் போடாதீங்க, அது தூரத்தை விமானத்தோட வேகத்தால வகுத்து வச்ச கணக்கு, அவ்ளோதான். இதை எழுதுறப்போ இந்த ரெண்டு ஊருக்கும் நடுவுல நிக்காம போற பயணிகள் சர்வீஸ் எதுவும் கிடையாது. எப்படிப் போனாலும் நடுவுல ஒரு ஊர்ல இறங்கி ஏறித்தான் ஆகணும், அதனால ஏர்போர்ட்டுக்கு ஏர்போர்ட் நிஜமான நேரம் 23 மணில இருந்துதான் ஆரம்பிக்குது.

பூமியோட சுற்றளவே 40,000 கிலோமீட்டர்தான், அப்போ ரெண்டு ஊருக்கு நடுவுல இருக்கக்கூடிய அதிகபட்ச தூரமே 20,000. அதுல 17,000ங்கிறது கிட்டத்தட்ட உலகத்தோட அந்தப் பக்கம். இவ்ளோ தூரம்னு வர்றப்போ ஒரு விஷயம் நடக்குது, கிழக்கால போற வழியில எந்தப் பெரிய ஊர்ல நின்னாலும் மொத்த தூரம் பெருசா மாறவே மாறாது. ஹாங்காங் வழியா போனா கிட்டத்தட்ட அதே 17,000தான், அந்த ஊரு நேர்கோட்டு மேலயே உக்காந்திருக்கு. சிங்கப்பூர் வழியா 17,200 கிட்ட. டெல்லி வழியாவும் ஏறக்குறைய அதே. துபாய் வழியா 17,500 சொச்சம், தோஹா அதைவிடக் கொஞ்சம் கூட, பெர்த் வழியா 17,800 கிட்ட. இருக்கிறதுலயே சுத்துன்னு சொல்ற பெர்த்துக்கும் நேர்கோட்டுக்கும் வித்தியாசம் 800 கிலோமீட்டர் கூட இல்ல, விமானத்துக்கு அது ஒரு மணி நேரத்துக்கும் குறைவான வேலை. அதனால 'எந்த வழி ஷார்ட்'னு கேக்குறது இந்த ரூட்டுக்கு சரியான கேள்வியே இல்ல. அந்த 20 மணி நேரப் பறப்பு எந்த இடத்துல ரெண்டா உடையுது, கடைசில எத்தனை மணிக்குத் தரையிறங்குறோம், இந்த ரெண்டை வச்சுதான் முடிவு பண்ணணும்னு நான் உறுதியா நம்புறேன்.

உடையுற இடத்தைப் பாருங்க. சிங்கப்பூர்னா முதல்ல 13 மணி நேரம், அப்புறம் ஏழரை. துபாய், தோஹான்னா தலைகீழ், முதல்ல 7 மணி நேரம், அப்புறம் 14. பெர்த்னா 17 மணி நேரம் ஒரே மூச்சுல, அப்புறம் நாலு மணி நேர உள்நாட்டு பிளைட். மொத்தம் கூட்டினா எல்லாம் 20, 21னு ஒண்ணாத்தான் வரும், ஆனா உடம்புக்கு இது மூணும் மூணு வேற பயணம்.

தரையிறங்குற நேரத்துக்கு வர்றதுக்கு முன்னாடி சிட்னி ஏர்போர்ட் பத்தி ஒண்ணு தெரிஞ்சுக்கணும். அங்க ராத்திரி 11 மணில இருந்து காலைல 6 மணி வரைக்கும் கர்ஃப்யூ, 1995ல பாராளுமன்றத்துல சட்டமாவே போட்டது, சுத்தி வீடுங்க இருக்கிறதால சத்தம் கூடாதுன்னு. சில விதிவிலக்கு இருக்கு, ஆனா சாதாரணமா பெரிய பயணிகள் விமானம் அந்த நேரத்துல இறங்காது ஏறாது. நீங்க எந்த ஏர்லைன்ல டைம்டேபிள் பாத்தாலும் சிட்னிக்கு வர்றது ஒண்ணு காலைல 6 மணியை ஒட்டி கும்பலா இருக்கும், இல்ல சாயங்காலம் ராத்திரி 10 மணிக்குள்ள இருக்கும், அதுக்குக் காரணம் இதுதான். சிங்கப்பூர்ல எதுக்கு மூணே முக்கால் மணி நேரம் உக்கார வைக்கிறாங்கன்னு பலர் சலிச்சுக்கிறாங்க, அங்க இருந்து சீக்கிரம் கிளம்பினா சிட்னிக்கு 5 மணிக்கே வந்து வானத்துலயே வட்டம் போட வேண்டியிருக்கும், அதனாலதான் அந்தக் காத்திருப்பை நடு ஊர்லயே வச்சுடுறாங்க. மெல்போர்ன், பிரிஸ்பேன்ல இந்தக் கர்ஃப்யூ கிடையாது. மேற்கு சிட்னில 24 மணி நேரமும் இயங்குற மாதிரி புது ஏர்போர்ட் ஒண்ணு கட்டியிருக்காங்க, அது முழுசா ஓட ஆரம்பிச்சா இந்தக் கணக்கெல்லாம் கொஞ்சம் மாறும்.

இப்போ மூணு வழியையும் லண்டன் கோடைகால நேரத்துக்கு ஒரு மாதிரிக் கணக்கா போட்டுப் பாக்கலாம், அப்போ சிட்னி லண்டனைவிட 9 மணி நேரம் முன்னாடி. டைம்டேபிள் சீசனுக்கு சீசன் மாறும், அதனால இதுல நிமிஷத்தைப் பிடிச்சுக்காதீங்க.

சிங்கப்பூர்: லண்டன்ல ராத்திரி 9 மணிக்கு ஏறினா சிங்கப்பூர்ல மறுநாள் சாயங்காலம் 5 மணி. அங்க ராத்திரி எட்டே முக்கால் வரைக்கும் இருந்துட்டு ஏறினா சிட்னில காலைல 6 மணி தாண்டி இறங்குவீங்க. மொத்தம் 24 மணி நேரம். முதல் 13 மணில லண்டன் ராத்திரி முழுசும் வந்துடுது, அதனால ஒரு நல்ல தூக்கம் கிடைக்கும், அது பெரிய ப்ளஸ். ஆனா சிட்னில இறங்குறப்போ உங்க உடம்புக்கு ராத்திரி 9 மணி, படுக்கப் போற நேரம், வெளில பாத்தா சூரியன் அப்பதான் வருது, ஒரு முழு நாளை ஓட்டியாகணும். ஹோட்டல்னா ரூம் மதியம் ரெண்டு மணிக்கு மேலதான் தருவாங்க. இந்த முதல் நாள் தான் ரொம்ப பேரைச் சாய்ச்சுடுது.

துபாய்: லண்டன்ல மதியம் ஒண்ணே முக்காலுக்கு ஏறினா துபாய்ல நடுராத்திரி 12 மணி ஆகப்போகும். ரெண்டு மணிக்கு அடுத்த பிளைட், 14 மணி நேரம், சிட்னில ராத்திரி 10 மணிக்கு இறங்கிடலாம். மொத்தம் 23 மணி சொச்சம். இதுல எனக்குப் பிடிச்சதே அந்த 10 மணி. இமிக்ரேஷன் முடிச்சு வீட்டுக்குப் போய் குளிச்சுட்டு நேரா படுக்கைதான், ஊரும் தூங்குது நீங்களும் தூங்குறீங்க, மறுநாள் காலைல வெளிச்சத்துல எந்திரிக்கலாம். உடம்புக்கு அப்போ லண்டன் மதியம் 1 மணின்னாலும் ஒரு நாள் பூரா சரியாத் தூங்காத களைப்புல கண்ணு சொருகிடும். மைனஸ் என்னன்னா முதல் 7 மணி பகல்ல போயிடுது, தூக்கம் வர்ற நேரத்துல, லண்டன் ராத்திரி 9 மணிக்கு, உங்களை எழுப்பி துபாய் டெர்மினல்ல நடக்க விடுறாங்க, அந்த ஏர்போர்ட்டோ நடு ஜாமத்துலதான் ரொம்பக் கூட்டம். இன்னொண்ணு, 10 மணிக்கு இறங்க வேண்டியது ஒரு மணி நேரத்துக்கு மேல லேட்டாச்சுன்னா 11 மணி கர்ஃப்யூ இடிக்கும், அப்போ வேற ஊருக்குத் திருப்பி விடுற நிலைமை வரலாம். அது அடிக்கடி நடக்குற விஷயம் இல்ல, ஆனா மறுநாள் காலைலயே கல்யாணம் காட்சின்னு ஏதாவது இருந்தா யோசிக்கணும். துபாய்லயே விடிகாலைல இறங்கி காலைல பத்து மணி வாக்குல கிளம்புற காம்பினேஷனும் கிடைக்கும், அது சிட்னிக்கு மறுபடி காலைல போய்ச் சேரும், அப்போ சிங்கப்பூரோட அதே முதல் நாள் பிரச்சினைதான்.

வளைகுடா வழியில இன்னொரு ரிஸ்க் இருக்கு, அதை மறைச்சுப் பேசக்கூடாது. 2025 ஜூன் 23ஆம் தேதி சாயங்காலம் கத்தார் தன்னோட வான்வெளியைத் திடீர்னு மூடினப்போ, தோஹாவுக்குப் போய்க்கிட்டிருந்த விமானங்க எல்லாம் வேற வேற ஊர்ல போய் நின்னுச்சு. சில மணி நேரத்துல திறந்துட்டாங்க, ஆனா ஒரே ஊரை மையமா வச்சு ஓடுற ஏர்லைனுக்கு அந்த ஊரு அடைபட்டா மொத்த சங்கிலியும் அறுந்துடும், சரியாக நாள் ஆகும். அந்தப் பக்கம் செய்தி சூடா இருக்கிற சமயத்துல டிக்கெட் போடுறீங்கன்னா சிங்கப்பூரோ ஹாங்காங்கோ பாருங்க.

பெர்த்: இதுதான் இந்த மூணுல விசேஷமானது. 2018 மார்ச் மாசம் ஆஸ்திரேலிய ஏர்லைன் குவாண்டாஸ் ஆரம்பிச்ச பெர்த்-லண்டன் நான்ஸ்டாப், 14,499 கிலோமீட்டர், 787-9 விமானம். ஆஸ்திரேலியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் நடுவுல நிக்காம ஓடுற பயணிகள் சர்வீஸ் அதுதான் முதல் தடவை. லண்டன்ல பகல் 12 மணி வாக்குல ஏறினா பெர்த்ல மறுநாள் அதே பகல் 12 மணி வாக்குல இறங்கலாம், ரெண்டு மணிக்கு உள்நாட்டு பிளைட் பிடிச்சா சிட்னில ராத்திரி 8 மணி தாண்டி. மொத்தம் இங்கயும் 23 மணி சொச்சம்தான். பாருங்க, 17 மணி நேரம் ஒரே மூச்சுல பறந்தும் மொத்தத்துல ஒண்ணும் மிச்சம் ஆகல, ஏன்னா பெர்த்துக்கும் சிட்னிக்கும் நடுவுல இன்னும் 3,300 கிலோமீட்டர் கிடக்கு, ஆஸ்திரேலியா அவ்ளோ அகலம்.

அப்போ பெர்த் வழியா எதுக்குப் போகணும்னு கேட்டா, அந்த 17 மணி நேரத்துல யாரும் உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டாங்க. நடுவுல இறங்கி, பையைத் திறந்து, செக்யூரிட்டி முடிச்சு, மறுபடி ஏறி, மறுபடி சாப்பாடு வண்டி, மறுபடி விளக்கு, இதெல்லாம் கிடையாது. பிளைட்ல தூங்கத் தெரிஞ்சவங்களுக்கு இது வரம். ஆனா எகனாமி நடு சீட்டுல 17 மணி நேரம்ங்கிறது எல்லாராலயும் முடியாது, முழங்கால் வலி இருக்கிறவங்க, அடிக்கடி பாத்ரூம் போறவங்க, கைக்குழந்தை வச்சிருக்கிறவங்க இதை நல்லா யோசிச்சுதான் எடுக்கணும். 787, ஏ350ங்கிற புது ரக விமானங்கள்ல கேபின் காத்தழுத்தத்தை 6,000 அடி உயரத்துல இருக்கிற அளவுக்கு வச்சிருப்பாங்க, பழைய விமானங்கள்ல அது 8,000 அடி வரைக்கும் போகும், ஈரப்பதமும் கொஞ்சம் கூட. தொண்டை காஞ்சு தலைவலியோட இறங்குறது இதுல குறையுது, நானும் அதை உணர்ந்திருக்கேன்.

பெர்த்ல இன்னொரு விஷயம், ஆஸ்திரேலியா மண்ணுல முதல்ல கால் வைக்கிற ஊர்லதான் இமிக்ரேஷன். உள்நாட்டு பிளைட்டுக்கு மாறுறீங்கன்னா பெர்த்லயே பாஸ்போர்ட், பெட்டி எடுக்குறது, பயோசெக்யூரிட்டி (சாப்பாடு, செடி, விதை சோதனை) எல்லாம் முடிச்சு மறுபடி பெட்டியைப் போடணும். லண்டன்ல இருந்து கறிவேப்பிலையோ விதையோ கருவாடோ கட்டிக்கிட்டுப் போறவங்க, இறங்குறப்போ நிரப்பிக் குடுக்கிற அட்டைல மறைக்காம எழுதிடுங்க, எழுதிக் காமிச்சா அதிகபட்சம் பொருளை எடுத்து வச்சுக்குவாங்க, மறைச்சா அபராதம், அந்த வரிசைல கனெக்ஷனும் போயிடும். அதனால பெர்த்ல நடுவுல ரெண்டு மணி நேரத்துக்குக் குறைவா இருந்தா எடுக்காதீங்க.

உக்காந்தே இருக்கிறதுல ரத்தக்கட்டி பயம் பத்தியும் ஒரு வார்த்தை. உலக சுகாதார நிறுவனம் 2007ல வெளியிட்ட ஆய்வுல, நாலு மணி நேரத்துக்கு மேல ஆடாம அசையாம உக்காந்து போற பயணத்துல ரிஸ்க் சுமார் ரெண்டு மடங்கு ஆகுது, ஆனாலும் ஆரோக்கியமா இருக்கிறவங்கள்ல கிட்டத்தட்ட 6,000 பேருக்கு ஒருத்தர்தான்னு சொன்னாங்க. அதாவது 13க்கும் 17க்கும் நடுவுல பயந்து முடிவெடுக்கத் தேவையில்ல, ஆனா எந்த வழில போனாலும் ரெண்டு மணிக்கு ஒரு தடவை எந்திரிச்சு நடக்கணும். சமீபத்துல ஆபரேஷன் ஆனவங்க, கர்ப்பமா இருக்கிறவங்க, முன்னாடி ரத்தக்கட்டி வந்தவங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டுதான் டிக்கெட்டே போடணும்.

மத்த வழிகளை சுருக்கமா சொல்லிடுறேன். ஹாங்காங் தூரத்துல பெஸ்ட்னு சொன்னேன், ஆனா நேர்கோடு ரஷ்யா மேல போகுது, 2022 பிப்ரவரி கடைசில இருந்து பிரிட்டிஷ், ஐரோப்பிய விமானங்க அந்த வான்வெளில போக முடியாது, அதனால சுத்திப் போற ஏர்லைன்ல முன்னாடியை விட நேரம் கூடிடுச்சு. சீன ஏர்லைன்கள் இன்னமும் ரஷ்யா மேலயே பறக்குறாங்க, அதனால லண்டன்-சீனா பகுதில அவங்க சீக்கிரம் போய்ச் சேர்றாங்க, டிக்கெட்டும் பல சமயம் மலிவு, ஆனா லேயோவர், அதாவது நடு ஊர்ல காத்திருக்கிற நேரம், எவ்ளோ நீளம்னு கட்டாயம் பாத்துக்கோங்க. டெல்லி வழியா தூரம் நல்லா அமையுது, ஆனா 2025 ஏப்ரல் கடைசில இருந்து இந்திய ஏர்லைன்களுக்கு பாகிஸ்தான் வான்வெளி மூடிட்டதால டெல்லி-லண்டன் பகுதி இழுக்குது. அமெரிக்கா வழியா, லாஸ் ஏஞ்சலஸ்ல நின்னு போனா 20,800 கிலோமீட்டர், அதோட அமெரிக்கால சும்மா டிரான்சிட்டுக்கே விசாவோ எஸ்டாவோ (ஆன்லைன்ல வாங்குற முன் அனுமதி) வேணும், இமிக்ரேஷன் முடிச்சு பெட்டி எடுத்து மறுபடி போடணும். அங்க யாரையாவது பாக்கணும்னா மட்டும் போங்க.

ஊருக்குப் போய்ட்டுப் போற யோசனை நம்மாள்களுக்கு எப்பவும் இருக்கும், அது நல்ல யோசனை. கொழும்பு கிட்டத்தட்ட சரிபாதி தூரத்துல இருக்கு, லண்டன்ல இருந்தும் 8,700, சிட்னில இருந்தும் ஏறக்குறைய அதே. சென்னைன்னா லண்டன்ல இருந்து நேரா ஒரு பிளைட், சுமார் 8,200 கிலோமீட்டர், அங்க ஒரு வாரம் பத்து நாள் இருந்துட்டு சிங்கப்பூர் வழியா சிட்னி. இதுல காசு மிச்சமாகுமான்னு பாக்காதீங்க, ஜெட்லாக் ரெண்டா பிரிஞ்சுடும், முதல்ல நாலரை மணி, அப்புறம் நாலரை மணின்னு உடம்பு படிப்படியா பழகிக்கும். வயசானவங்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிஞ்சு இல்ல. ஆனா எல்லாம் ஒரே டிக்கெட்ல ஸ்டாப்ஓவரா போட முடியுதான்னு பாத்துட்டு போடுங்க.

அந்த ஒரே டிக்கெட் விஷயத்தைக் கொஞ்சம் நின்னு பேசணும், ஏன்னா தப்பு அதிகமா நடக்குறது இங்கதான். டிக்கெட் தேடுற சைட்ல சில சமயம் ரொம்பக் குறைஞ்ச விலைல ஒண்ணு வரும், உள்ள பாத்தா லண்டன்-சிங்கப்பூர் ஒரு ஏர்லைன், சிங்கப்பூர்-சிட்னி வேற ஒரு மலிவு ஏர்லைன், ரெண்டும் தனித்தனி புக்கிங். முதல் பிளைட் லேட்டாகி ரெண்டாவதை விட்டுட்டா ரெண்டாவது ஏர்லைனுக்கு உங்களைப் பத்தி எந்தக் கடமையும் இல்ல, புது டிக்கெட் உங்க செலவு. பெட்டியும் சிட்னி வரைக்கும் போகாது, நடுவுல இமிக்ரேஷன் தாண்டி வெளில போய் எடுத்து மறுபடி செக்-இன் பண்ணணும், அதுக்கு அந்த நாட்டுக்குள்ள நுழைய உங்க பாஸ்போர்ட்டுக்கு அனுமதி வேணும், இந்தியப் பாஸ்போர்ட் வச்சிருக்கிறவங்க இதை முன்னாடியே பாத்துக்கணும். செக்-இன் கவுன்ட்டர்ல பெட்டில சுத்துற டேக்கை ஒரு தடவை கண்ணால பாருங்க, பெரிய எழுத்துல இருக்கிற மூணெழுத்து எஸ், ஒய், டின்னு இருக்கணும், அது எஸ், ஐ, என்னுன்னு இருந்தா உங்க பெட்டி சிங்கப்பூரோட நின்னுடும். அந்த ரசீது ஸ்டிக்கரை போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.

சட்டமும் ஒரே டிக்கெட் பக்கம்தான் நிக்குது. யூகே261ன்னு சொல்ற விதிப்படி பிரிட்டன்ல இருந்து கிளம்புற எந்த ஏர்லைனா இருந்தாலும், அவங்க தப்பால நீங்க கடைசி ஊருக்கு நாலு மணி நேரத்துக்கு மேல லேட்டா போய்ச் சேந்தா ஆளுக்கு 520 பவுண்ட், மூணுல இருந்து நாலு மணின்னா 260 பவுண்ட். நடுவுல துபாய்ல கனெக்ஷன் போனாலும் ஒரே புக்கிங்னா கடைசி ஊர் கணக்குதான்னு 2017ல இங்கிலாந்து அப்பீல் கோர்ட்டே சொல்லிடுச்சு. தனித்தனி புக்கிங்னா இது போச்சு. அதே மாதிரி சிட்னில இருந்து லண்டன் வர்றப்போ இந்த விதி பிரிட்டிஷ், ஐரோப்பிய ஏர்லைன் ஓட்டுற பிளைட்டுக்கு மட்டும்தான், வளைகுடா, ஆசிய, ஆஸ்திரேலிய ஏர்லைன்ல வந்தா கிடையாது.

வரிக்காக பிரிச்சு டிக்கெட் போடுறதும் வேண்டாம். பிரிட்டன் விமானப் பயணி வரி 2026 ஏப்ரல்ல இருந்து எகனாமில சிட்னிக்கு 106 பவுண்ட், துபாய்க்கே 102 பவுண்ட், பிரிச்சா மிச்சம் 4 பவுண்ட்தான். எகனாமில 16 வயசுக்குள்ள இருக்கிற பசங்களுக்கு இந்த வரி இல்ல, டிக்கெட்ல போட்டிருந்தா கேளுங்க. ஆஸ்திரேலியா பக்கம் கிளம்புறப்போ 70 டாலர், அது டிக்கெட்லயே சேந்துடும்.

இப்போ யார் எதை எடுக்கலாம்னு என் கருத்து. தனியா வர்ற அம்மா அப்பாவுக்கு, இங்கிலீஷ் கொஞ்சம் தயக்கம்னா, சிங்கப்பூர்ல நின்னு அதே பிளைட் நம்பர்ல தொடர்ந்து போற சர்வீஸ்தான். எங்க அம்மாவை அனுப்பினப்போ நான் அதைத்தான் எடுத்தேன், வீல்சேர் உதவியும் புக்கிங்லயே கேட்டு வச்சேன், அவங்க வேற கேட், வேற டெர்மினல்னு தேட வேண்டிய அவசியமே வரல. சிங்கப்பூரோட சாங்கி ஏர்போர்ட்ல செக்யூரிட்டி சோதனை கேட் வாசல்லதான் நடக்கும், அதனால கைப்பையை எடுத்துக்கிட்டு இறங்கணும், பாட்டில்ல தண்ணி இருந்தா அங்க கொட்டணும், இதை மட்டும் அவங்ககிட்ட முன்னாடியே சொல்லி வச்சிடுங்க, யாராவது திடீர்னு பையைத் திறக்கச் சொன்னா பயந்துடுவாங்க. மாத்திரை, கண்ணாடி, ஒரு ஸ்வெட்டர், சிட்னி வீட்டு அட்ரஸ் எழுதின சீட்டு எல்லாம் பெரிய பெட்டில போடாம கைப்பைல.

சின்னப் பசங்களோட போறவங்களுக்கும் நான் சிங்கப்பூரே சொல்லுவேன். முதல் 13 மணில பாதி தூங்கிடுவாங்க, நடுவுல ரெண்டு மூணு மணி நேரம் ஓடி விளையாட இடம் இருக்கு, மிச்சம் ஏழரைதான். துபாய் வழியா போனா நடு ராத்திரி தூங்குற குழந்தையைத் தோள்ல போட்டுக்கிட்டு நடந்து, அதுக்கப்புறம் முழிச்சுக்கிட்ட குழந்தையோட 14 மணி நேரம், அது ரொம்பக் கஷ்டம். தனியா வேலைக்காகப் போறவங்க, மறுநாளே மீட்டிங் இருக்கிறவங்க, ராத்திரி இறங்குற மாதிரி துபாயோ பெர்த்தோ எடுங்க, காலைல இறங்கி நேரா மீட்டிங்கு போறதை உடம்பு தாங்காது. மான்செஸ்டர், பர்மிங்ஹாம் பக்கம் இருக்கிறவங்களுக்கு துபாய்க்கு அங்க இருந்தே பிளைட் இருக்கு, அப்போ ஹீத்ரோ வர்ற நாலு மணி நேரமே மிச்சம், கணக்கே மாறிடும்.

திரும்பி வர்ற வழிக்கு இதே முடிவை அப்படியே போட்டுடாதீங்க. மேற்கால வர்றப்போ எதிர்க்காத்து, சிங்கப்பூர்-லண்டன் 13 மணி 14 ஆகும், பெர்த்-லண்டன் பதினேழரை ஆகும். ஆனா உடம்புக்கு மேற்கால வர்றதுதான் சுலபம், நம்ம உள்கடிகாரம் 24 மணிக்குக் கொஞ்சம் கூடவே ஓடுறதால நேரத்தை நீட்டிக்கிறது சுருக்குறதைவிட எளிசு. சிட்னில சாயங்காலம் 4 மணிக்கு ஏறினா சிங்கப்பூர்ல ராத்திரி 10, பதினொன்றரைக்கு அடுத்தது, லண்டன்ல காலைல ஆறரை. அந்த 14 மணி நேரத்துல முதல் பாதி உங்க உடம்புக்கும் ராத்திரிதான், வெளிலயும் பெரும்பாலும் இருட்டு, சாப்பாட்டை வேண்டாம்னு சொல்லிட்டுத் தூங்கினா ஒரு நீளமான தூக்கம் கிடைக்கும். போறதுக்கு துபாய், வர்றதுக்கு சிங்கப்பூர்னு கலந்து போட முடிஞ்சா ரொம்ப நல்லது, பார்ட்னர் ஏர்லைன்ல ஒரே டிக்கெட்லயே சில சமயம் அமையும். எப்போ போறீங்கன்றதையும் பாத்துக்கோங்க, லண்டன் கோடைல வித்தியாசம் 9 மணி, குளிர்காலத்துல 11 மணி, மார்ச் கடைசிலயும் அக்டோபர்லயும் நடுவுல கொஞ்ச நாளைக்கு 10. பிளைட் ஏத்திவிட்டு அங்க இருக்கிறவங்களை ஏர்போர்ட்டுக்கு வரச் சொல்றப்போ இந்த ஒரு மணி நேரம்தான் குழப்பும்.

கடைசியா, நான்ஸ்டாப் வரப்போகுதே, காத்திருக்கலாமான்னு கேக்குறவங்களுக்கு. 1947 டிசம்பர்ல குவாண்டாஸ் சிட்னி-லண்டன் சர்வீஸ் ஆரம்பிச்சப்போ 29 பயணிகளோட கராச்சி, கெய்ரோன்னு நின்னு நின்னு நாலு நாள் ஆச்சு. 1989ல ஒரு 747-400ஐ லண்டன்ல இருந்து நேரா சிட்னிக்கு 20 மணி 9 நிமிஷத்துல கொண்டு போய்க் காமிச்சாங்க, ஆனா டிக்கெட் வாங்கின பயணிகள் யாரும் அதுல இல்ல. 2019 நவம்பர்ல 787ல இன்னொரு சோதனை, 19 மணி 19 நிமிஷம், சுமார் 50 பேரோட. இப்போ ஏ350-1000ல 20,000 லிட்டர் கூடுதல் எரிபொருள் டேங்க் வச்சு, 238 சீட் மட்டும் போட்டு, 2027 முதல் பாதில சர்வீஸ் ஆரம்பிக்கிறதா சொல்லியிருக்காங்க. ஒரு ஸ்டாப் பயணத்தைவிட நாலு மணி நேரம் வரைக்கும் மிச்சமாகும்னு அவங்க கணக்கு. சீட்டு குறைவு, எரிபொருளைத் தூக்கிக்கிட்டுப் போறதுக்கே எரிபொருள் செலவாகும், அதனால விலை கூடத்தான் இருக்கும். பிசினஸ் கிளாஸ்ல போறவங்களுக்கு அது காத்திருக்க வேண்டிய விஷயம். எகனாமில 20 மணி நேரம் அசையாம உக்கார முடியுமான்னு தெரியணும்னா முதல்ல ஒரு தடவை பெர்த் வழியா போய்ப் பாருங்க, அந்த 17 மணி நேரத்துல கடைசி மூணு மணி எப்படி இருந்துச்சுன்றதை வச்சு முடிவு பண்ணிக்கலாம்.